7 முறை இத்தாலி சாம்பியன் ஆன ப்ரோ வெர்ச்செல்லிக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: இத்தாலி கால்பந்து சாம்பியன்கள் பட்டியலில் ப்ரோ வெர்ச்செல்லி என்று ஒரு பெயர் 7 தடவை வருகிறதே, அது எந்த ஊர் அணி? இப்போது எங்கே? அந்தக் காலத்துப் பட்டங்களுக்கெல்லாம் மதிப்பு உண்டா?

டொரினோ 7, போலோன்யா 7 என்று படித்துக்கொண்டே வந்து, அதே 7-ஐக் கேள்விப்படாத ஓர் அணியின் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். கடைசிக் கேள்வியில் இருக்கும் இளக்காரம்தான் என்னை எழுத வைத்தது. மதிப்பு உண்டு.

வெர்ச்செல்லி, டுரினுக்கும் மிலானுக்கும் நடுவில் இருக்கும் ஊர். சுற்றிலும் நெல் வயல். ரிசோட்டோவுக்கான அரிசி விளையும் பூமி. இன்றைக்கும் ஐம்பதாயிரம் பேர் தேறாது. 1892-இல் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கியதில் கால்பந்துப் பிரிவு 1903-இல்தான் வந்தது. அதைத் தொடங்கியவர் மார்ச்செல்லோ பெர்ட்டினெட்டி. வாள்வீச்சு வீரர், தொழிலால் மருத்துவர். 1924, 1928 ஒலிம்பிக்கில் வாள்வீச்சு அணியோடு தங்கம் வாங்கியவரும் இவரே. அணியின் பலமும் அந்த உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்ததுதான். எதிரணி மூச்சு வாங்கும் நேரத்தில் உள்ளூர்ப் பையன்களான இவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

1907-இல் இரண்டாம் பிரிவை வென்றார்கள். மேலே ஏறிய முதல் ஆண்டே, 1908-இல், சாம்பியன். "அந்த வருடம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை, மிலானும் ஜெனோவாவும் டொரினோவும் விலகிக்கொண்டன, அது ஒரு பட்டமா?" என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார். சரி, 1908-ஐ வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். 1909-இல் அந்த அணிகள் திரும்பி வந்தன, வெளிநாட்டுக்காரர்களும் ஆடினார்கள். அப்போதும் இவர்கள்தான். பிறகு 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1912 இறுதியில் வெனிஸை 6-0, 7-0, 1913-இல் லாத்சியோவை 6-0 என்று பார்த்துவிட்டு, எதிரிகளே இல்லாத காலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்றைய இறுதிப் போட்டி பாதி சடங்கு. உண்மையான சண்டை வடமேற்கு மாநிலங்களான லொம்பார்டி, லிகூரியா, பியெமோன்தே அணிகள் மோதிய பிரிவில் நடந்தது. அந்தப் பிரிவின் புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் இறுதி ஸ்கோரை மட்டும் வைத்துப் பேசுகிறவர்களோடு வாதாடிப் பயனில்லை.

1910-ஐ வேண்டுமென்றேதான் தாண்டி வந்தேன். அந்த ஆண்டு ப்ரோ வெர்ச்செல்லியும் மிலான் நகரத்து அணியான இன்டரும் சம புள்ளி. முடிவு செய்ய ஒரே ஆட்டம், தேதி ஏப்ரல் 24. வெர்ச்செல்லியின் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் வேறொரு போட்டிக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்ததால் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. கிளப் கோபத்தில் தன் சிறுவர் அணியை அனுப்பியது. இன்டர் இரக்கம் காட்டவில்லை: 10-3. இன்டரின் முதல் பட்டம் இதுதான். இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு வெர்ச்செல்லியைத் தடை செய்து பிறகு மன்னித்தது. ஆனால் அதே ஆண்டு மே 15-ஆம் தேதி இத்தாலி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது (பிரான்சுக்கு எதிராக, 6-2) நாட்டின் வலுவான கிளப்பிலிருந்து ஒருவரும் இல்லை. மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1913 மே 1, டுரினில் பெல்ஜியத்துக்கு எதிரான இத்தாலி அணியில் 11 பேரில் 9 பேர் ப்ரோ வெர்ச்செல்லி. 1-0 வெற்றி, கோல் அடித்த குய்தோ ஆராவும் அவர்களில் ஒருவர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1921-இல் பீசாவை 2-1 என்று வென்று ஆறாவது பட்டம். 1922-இல் பெரிய கிளப்புகள் கூட்டமைப்பை விட்டு வெளியேறித் தனி லீக் நடத்தியதால் அந்த வருடம் இரண்டு சாம்பியன்கள். தனி லீக்கில் ப்ரோ வெர்ச்செல்லி, கூட்டமைப்பின் லீக்கில் நோவேசே. இரண்டுமே அதிகாரப்பூர்வம். கூட்டிப் பார்த்து 6 வந்தால் இதை விட்டிருப்பீர்கள்.

விழுந்தது ஏன் என்றால் பணம். 1923-இல் தடுப்பாட்டக்காரர் விர்ஜீனியோ ரொசெட்டாவை யுவென்டஸ் கொண்டுபோனது. அந்த வருடம்தான் அங்கே ஃபியட் கார் கம்பெனிக் குடும்பத்து எதுவார்தோ அன்யெல்லி தலைவரானார். ஆட்டக்காரருக்குச் சம்பளமே கூடாது என்று சட்டம் இருந்த காலம். ரொசெட்டா இறங்கிய ஆட்டங்களின் புள்ளிகளை லீக் பறித்தது. ஆனால் ஆள் யுவென்டஸிலேயே இருந்தார். 1926-இல் விதியே மாறி, பணம் கொடுப்பது சட்டபூர்வமாயிற்று. அதன்பின் நெல் ஊர்க் கிளப்பால் ஆட்டக்காரர்களை வளர்க்கத்தான் முடிந்தது, வைத்துக்கொள்ள முடியவில்லை. சில்வியோ பியோலா 16 வயதில் இங்கே சீரி ஏ-வில் (இத்தாலியின் முதல் பிரிவு) இறங்கி, 51 கோல் அடித்து, 1934-இல் லாத்சியோவுக்குப் போனார். அடுத்த சீசனே அணி கீழே இறங்கியது. இன்றுவரை திரும்பவில்லை.

சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். சீரி ஏ-வில் ஒரே ஆட்டத்தில் 6 கோல் என்றால் பியோலாவையும் யுவென்டஸின் ஒமர் சிவோரியையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். பியோலாவின் ஆறு, 1933-இல் ஃபியொரெந்தினாவின் பெரியவர்களுக்கு எதிராக (7-2). சிவோரியின் ஆறு, 1961-இல் இன்டர் எதிர்ப்புக் காட்டி அனுப்பிய இளைஞர் அணிக்கு எதிராக (9-1). ஆமாம், அதே இன்டர்தான். சிவோரி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிற்காலத்தைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். 2010-இல் பழைய நிர்வாகம் கடனில் மூழ்கியது. அதே ஊரில் இருந்த ப்ரோ பெல்வேதேரே என்ற இன்னொரு கிளப் 'ப்ரோ வெர்ச்செல்லி 1892' என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. ஆகவே ஆவணங்களில் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். 2012-இல், 64 ஆண்டுகளுக்குப் பிறகு, சீரி பி-க்கு (இரண்டாம் பிரிவு) ஏறினார்கள். மறு வருடம் இறக்கம், 2014-இல் மறுபடி ஏற்றம், 2018-இல் மறுபடி மூன்றாம் பிரிவான சீரி சி.

நேரில் ஆட்டம் பார்க்கும் எண்ணமிருந்தால், மைதானத்தின் பெயர் சில்வியோ பியோலா. டுரின்-மிலான் ரயில் பாதையில் அடுத்த பெரிய ஊரான நொவாராவின் மைதானத்துக்கும் அதே பெயர். பியோலா அங்கேயும் ஆடியவர். டிக்கெட்டில் ஊர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.