பழைய தூண்டில் சாமான்கள்: தேய்க்காமல் வைத்தால்தான் காசு

கேள்வி: தாத்தா விட்டுப்போன தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே தூண்டில் நூல் சுற்றும் கறுத்துப்போன பித்தளை ரீல், மூன்று துண்டாகக் கழலும் மூங்கில் கோல், கண்ணாடிக் கண் வைத்த மரமீன் இரைகள் நான்கு, ஈயக்குண்டுகள், ஓரம் கிழிந்த சில அட்டைப் பெட்டிகள். ரீலைப் பாலிஷ் போட்டால் நல்ல விலைக்குப் போகுமா? எதற்கு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் கையில் இருக்கும் துணியைக் கீழே வையுங்கள். பாத்திரம் தேய்ப்பது போல ரீலைத் தேய்த்துவிட்டால், இருந்த விலையிலும் பெரும்பகுதி அந்தத் துணியோடு போய்விடும். பித்தளையில் படிந்திருக்கும் அந்தப் பழுப்பு, வருஷக்கணக்கில் ஏறிய நிறம். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். தேய்க்கும்போது நிறம் மட்டும் போவதில்லை. பொறித்திருக்கும் எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிடும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அப்புறம், கிழிந்த அட்டைப் பெட்டிகளைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். இரையைப் பத்திரப்படுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கி எறிவதுதான் உலக வழக்கம். அதனால் இன்று இரையை விடப் பெட்டிதான் அரிது. சில சமயம் காலிப் பெட்டிக்கே தனி விலை உண்டு.

வயதைக் கண்டுபிடிக்கப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்தப் பெட்டி 1963-க்கு முந்தியது அல்ல. அந்த முறையே அந்த ஆண்டில்தான் வந்தது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஓரிரு இலக்க எண் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஆக்கிரமிப்பு ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், இரண்டாம் உலகப் போர் முடிந்ததற்கும் 1952-க்கும் நடுவில் செய்த சரக்கு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. எனவே ரீலில் ‘இங்கிலாந்து’ என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

காப்புரிமை எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 1905 காப்புரிமை என்றால் அதற்கு முன் செய்ததல்ல என்பதுதான் பொருள். அதே எண்ணைப் பொறித்து இருபது வருஷம் கழித்தும் செய்திருப்பார்கள்.

விலைக்கு வருவோம். இணையத்தில் ஒருவர் பெரிய தொகை கேட்டு வைத்திருக்கிறார் என்பதால் உங்களுடையதும் அந்த விலை ஆகிவிடாது. விலை போட்டவர் எல்லாம் விற்றவர் அல்ல. விற்று முடிந்த ஏலங்களின் முடிவுகளைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கலாம், விற்பவர் கைக்கு வருவது அதை விடக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: ‘நூறு வருஷப் பழமை, ஹார்டி பெர்ஃபெக்ட்’ என்று ஒருவர் ஒரு ரீலைக் காட்டுகிறார். விலை கையைக் கடிக்கிறது. பெயரை நம்பி வாங்கலாமா?

பதில்: பெயர் உண்மையாக இருக்கலாம், வயதுதான் சந்தேகம். ஹார்டி சகோதரர்கள் இங்கிலாந்தின் ஆன்விக் ஊரில் 1872-இல் தொடங்கிய நிறுவனம். பெர்ஃபெக்ட் ரீல் 1890-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அதே பெயரில் செய்துகொண்டே இருந்தார்கள். ஆக, பெர்ஃபெக்ட் என்ற சொல் தலைப்பாகை மாதிரி, யார் தலையிலும் இருக்கும். முழுக்கப் பித்தளையில் செய்த ஆரம்பகால ரீல்தான் பெரிய விலைக்குப் போவது. பின்னால் வந்தவை அலுமினியக் கலவை, மேலே கரும்சாம்பல் பூச்சு. அந்தப் பூச்சு கைபட்டுத் தேய்ந்து விளிம்பில் வெள்ளி தெரியும். அது இயல்பு. விளிம்பில் மட்டும் தேயாமல் எல்லா இடமும் புதுசு போல் ஒரே கறுப்பாக இருந்தால், யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள்.

ரீலைக் கையில் வாங்கியதும் பலர் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் முதலில் கவிழ்த்து அடிப்பாதத்தைப் பார்ப்பேன், அதாவது கோலோடு பொருத்தும் அந்த நீளமான தகட்டை. தன் கோலில் சரியாக உட்காரவில்லை என்று அந்தக் காலத்து மீனவர் அரத்தை எடுத்து நுனியை ராவித் தள்ளியிருப்பார். அவருக்கு மீன் பிடித்தாக வேண்டும், நம் சேகரிப்பைப் பற்றி அவருக்கு என்ன கவலை! ராவின பாதம் இரண்டு முனையிலும் ஒரே நீளமாக இருக்காது, விளிம்பில் கீறல் கோடு தெரியும். விலையைக் குறைத்துக் கேட்க இது ஒன்றே போதும். அடுத்து திருகாணிகள். தலையில் உள்ள பள்ளம் சிதைந்திருந்தால், பொருத்தமில்லாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே என்ன மாற்றினார்களோ? நூல் போகும் வழியில் அகேட் என்ற கடினக் கல்லில் செய்த வளையம் இருந்தால் விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள், கண்ணுக்குப் படாத விரிசல் நகத்தில் சிக்கும். கடைசியாகத்தான் சுற்றிப் பார்ப்பது. ‘கிர்ர்’ என்ற சத்தம் இரண்டு பக்கமும் சீராக வர வேண்டும்.

ஸ்வீடனின் அபு அம்பாசடர் போன்ற ரீல்களில் இந்த வம்பு குறைவு. 1970-களின் நடுவிலிருந்து பாதத்தில் பொறித்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 7705 என்று தொடங்கினால் 1977 மே.

கேள்வி: மரத்தால் செய்த பழைய இரை மீன்கள் லட்சக்கணக்கில் போகின்றன என்கிறார்களே, உண்மையா? மறுபடி வர்ணம் அடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: போவதும் உண்டு. ரைலி ஹாஸ்கல் என்ற அமெரிக்கர் 1859-இல் காப்புரிமை வாங்கிய செம்பு மீனின் பெரிய அளவு ஒன்று 2003 ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. அது மரமல்ல, உலோகம் என்பதையும் கவனியுங்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கேட்டுவிட்டு உங்கள் பெட்டியைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலான மர இரைகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை.

வர்ணம் பற்றிய கேள்விதான் முக்கியம். தொழிற்சாலையில் முதலில் மரத்துக்கு வர்ணம், பிறகுதான் உலோகப் பாகங்கள். எனவே திருகாணித் தலையிலும் தூண்டில் முள்ளைத் தாங்கும் கிண்ணத்திலும் வர்ணம் படிந்திருக்கக் கூடாது. படிந்திருந்தால் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே அடித்திருக்கிறார்கள். அடுத்து வயிற்றுப் பக்கம். தொங்கும் முள் பெட்டிக்குள் ஆடி ஆடி வில் போல ஒரு கீறலை வரையும். உண்மையான பழைய இரையில் அந்தக் கீறல் வர்ணத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கும். கீறல் இருந்தும் அதன் மேல் வார்னிஷ் பளபளத்தால் பிற்பாடு பூசியது. இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்தால், பின்னால் பூசிய இடம் சுற்றியுள்ள வர்ணத்திலிருந்து வேறு நிறத்தில் தெரியும். விளக்கு விலை அதிகமில்லை, வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உலோகப் பாகங்களே வயதும் சொல்லும். மிஷிகனின் ஹெட்டன் நிறுவன இரைகளில் முள்ளை மாட்டும் விதம் காலத்துக்குக் காலம் மாறியது: முதலில் கிண்ணம், பிறகு ‘எல்’ வடிவக் கம்பி, பிறகு இரட்டைத் தகடு, கடைசியில் மேற்பரப்பில் திருகியது. கண்ணாடிக் கண் வைத்த பழைய உடம்பில் முள்ளை மாட்டும் பாகம் மட்டும் கடைசிக் காலத்ததாக இருந்தால் நின்று யோசியுங்கள்.

‘அருமையான நிலை’ என்ற சொல்லுக்கு விற்பவர் அகராதியில் அளவே கிடையாது. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய தேசிய இரைச் சேகரிப்பாளர் சங்கம் பத்து வரை மதிப்பெண் போடும் முறையை வைத்திருக்கிறது. எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வர்ணம் போயிருக்கிறது என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். இரைகளை ரப்பர் போன்ற மென் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள மென்மையாக்கி வர்ணத்தை உருக்கி ஒட்டிக்கொள்ளும். ஒரு கோடையில் அழகான மரமீன் ஒன்று பிசினாகிவிடும்.

கேள்வி: மூங்கில் கோல் வாங்குகிறேன். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும்?

பதில்: நீளத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு துண்டின் நீளத்தையும், தனித்தனியாக. நானே ஒருமுறை ‘புதுசு மாதிரி’ என்று நம்பி வாங்கினேன். வந்ததும் மூன்று துண்டையும் மேஜையில் ஒன்றாக அடுக்கினால் நுனித் துண்டு ஒன்றரை விரல் குறைவு. எப்போதோ ஒடிந்து, நுனி வளையத்தைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டார்கள். கட்டிய நூல் கூட அழகாக ஒத்துப்போயிருந்தது. விற்றவரைக் கேட்டால், ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்றார். துண்டுகள் சமமாக இருக்க வேண்டிய கோலில் நுனி குட்டையாக இருந்தால் விலை பாதியாகிவிடும். கூடுதல் நுனி ஒன்றும் சேர்ந்து வந்தால் விலை ஏறும்.

அடுத்தது வளைவு. கோலைக் கண்ணருகே வைத்துத் துப்பாக்கி குறி பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்த கோல் ஒரு பக்கமாகத் தூங்கிப்போயிருக்கும். இந்தக் கோல்கள் முழு மூங்கில் அல்ல. ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டியவை. பழையவற்றில் மிருகப் பசை, வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் பிளக்கும். இணைப்புக் குழாயைப் பிரிக்கும்போது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. லொடலொட என்று ஆடினால் செலவு காத்திருக்கிறது.

1950-இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்ததும் கோல் செய்யப் பயன்பட்ட டோன்கின் என்ற சீன மூங்கிலின் வரத்து அங்கே நின்றது, ஃபைபர் கோல் இடத்தைப் பிடித்தது. அதனால் 1950-க்கு முந்தியதெல்லாம் பொக்கிஷம் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. அதற்கு முன்பே மலிவான மூங்கில் கோல்கள் கடைகடையாக விற்றன. பார்க்க வேண்டியது செய்தவர் பெயரும் கோலின் நிலையும்.

கேள்வி: வெளிநாட்டு ஏலத்தில் இறகு கட்டி ஈ போலச் செய்த பழைய ஈ-இரைகளும் தந்தக் கைப்பிடி ரீலும் பார்த்தேன். வாங்கி வரவழைக்கலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழமையானது என்பதாலேயே தந்தத்தை விற்க முடியாது, விலக்குகள் குறைவு. பழைய ரீல்களில் பல கைப்பிடிகள் தந்தம் போலத் தெரியும் செயற்கைப் பொருள்தான், ஆனால் அதைச் சுங்கத்தில் நிரூபிப்பது உங்கள் வேலை. சால்மன் மீனுக்கான ஈ-இரைகளின் இறகுகள் பல நாட்டு அரிய பறவைகளுடையவை. அந்த இறகுக்கு எவ்வளவு ஆசை என்றால், 2009-இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் இதற்காகவே திருடு போயின. ஆவணம் இல்லாத இறகை நான் தொட மாட்டேன்.

கேள்வி: மிட்செல் 300 ரீல், ‘அரிய பொருள்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா? இதைக் கொண்டு மீன் பிடிக்கலாமா?

பதில்: அரிது இல்லை. பிரான்ஸில் செய்து உலகமெங்கும் மலைமலையாக விற்ற ரீல் அது. ஆரம்ப வருஷத்து மாதிரியோ, பெட்டியும் காகிதமும் அப்படியே உள்ளதோ என்றால் பேச்சு வேறு. மற்றபடி, உள்ளே கெட்டிப்பட்ட பழைய கிரீஸைச் சுத்தம் செய்து புதிது வைத்தால் தாராளமாக மீன் பிடிக்கலாம். நரம்பை மட்டும் புதிதாகச் சுற்றுங்கள், பழைய நைலான் நரம்பு இழுத்ததும் அறும். பட்டுப்புழுக் குடலில் செய்த பழைய தூண்டில் நூல் கிடைத்தால் அதை நம்பி முள் கட்டாதீர்கள், காய்ந்தால் கண்ணாடி மாதிரி உடையும். பெட்டியோடு வந்த ஈயக்குண்டுகளைத் தண்ணீரில் போட வேண்டாம், பிரிட்டன் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையை 1987-இலேயே தடை செய்துவிட்டது, அன்னங்கள் விழுங்கிச் செத்ததால். அலமாரியில் வையுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள்.