சைக்கிள் அக்கா பதில்கள்: மைனஸ் 8 நல்ல நாள்

கேள்வி: அக்கா, மே தொடங்கி ஒக்டோபர் வரை வாரம் தவறாமல் டொன் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக் ஓடுகிறேன். நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. போன வின்ரரில் விடக்கூடாது என்று குளிர் குறைந்த நாட்களாகப் பார்த்துப் போனேன். பிளஸ் 3, பிளஸ் 4 என்றால் உடனே புறப்பட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் சேறு, ஈரக் கால், வீட்டுக்கு வந்தால் எரிச்சல். ஜனவரியில் சைக்கிளைக் கராஜில் கொழுவிவிட்டேன். இந்த வருஷமாவது மனம் தளராமல் ஓட என்ன வழி?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, மனதைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் தெரிவு செய்த நாட்கள்தான் உங்களைக் கைவிட்டன. ரொறன்ரோ குளிர்காலத்தில் சைக்கிளுக்கு ஆகவே ஆகாத நாள் பிளஸ் 3. மைனஸ் 8 அருமையான நாள்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. டொன் பள்ளத்தாக்கு களிமண் பூமி. 1889இல் அங்கே செங்கல் ஆலை தொடங்கியதே அந்த மண்ணை நம்பித்தான். சனிக்கிழமைகளில் சந்தை கூடுகிற எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ், அந்த ஆலை இருந்த இடம். அதற்குச் சற்று வடக்கே, பேவியூவும் பொட்டரி றோட்டும் சந்திக்கிற பக்கத்தில், நீங்கள் ஓடுகிற குரொதர்ஸ் வூட்ஸ் காடு. பிளஸ் 3இல் மேல் மண் மட்டும் இளகும். கீழே இன்னும் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. ஒரு அங்குலச் சேறு வழுக்கிக்கொண்டு நிற்கும், சில்லு அதைக் கிழித்துக்கொண்டு போகும். இரவில் அந்தக் கீறல் அப்படியே இறுகி, மறுநாள் வருகிறவரின் முன் சில்லைப் பிடித்து விழுத்தும். தடத்துக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. அப்படியான நாலு நாட்கள் போனால் யாருக்குத்தான் மனம் வரும்?

மைனஸ் 8இல் அதே களிமண் சீமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும். சைக்கிளில் ஒரு துளி சேறு ஒட்டாது. நுளம்பு இல்லை, சனக்கூட்டம் இல்லை. இலை உதிர்ந்ததால் கோடையில் மறைந்திருக்கும் ஆறு மேலிருந்தே தெரியும். பீச் மரக்கன்றுகள் மட்டும் காய்ந்த இலைகளை வசந்தம் வரை விடாமல் வைத்திருக்கும். காற்று வந்தால் காடு முழுக்க அந்தச் சரசரப்புத்தான். எனக்கு இந்த நாட்டில் ஆகப் பிடித்த சத்தம் அது.

நான் இரவு வேலை செய்யும் தாதி. காலை 7:30க்கு வேலை முடியும். டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பது 7:50 அளவில். இரவு முழுக்க உறைந்த நிலம், அப்போதுதான் வருகிற வெளிச்சம், இரண்டும் எனக்கு ஒன்றாகக் கிடைக்கின்றன. நீங்கள் பகல் வேலை என்றால் சனி, ஞாயிறு காலை 10 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். வார நாட்களில் பின்னேரம் 4:45க்கெல்லாம் இருட்டிவிடும்தான். ஆனால் இருட்டினால் நிலம் திரும்ப இறுகும், நல்ல லைற் இருந்தால் அதுவும் ஓடுகிற நேரமே. பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் மேலதிக பற்றரியை ஜக்கற்றுக்குள், உடம்போடு வைத்திருங்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கார் பார்க்கில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கிறீர்கள். முதல் ஏற்றத்தில் வியர்க்கும், இறக்கத்தில் அந்த வியர்வை உறையும். உடம்போடு ஒட்டுகிற உடுப்பு மெரினோ கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டவே வேண்டாம்.

வேகத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். குளிரில் முன் சில்லைத் தாங்குகிற ஃபோர்க்கில் உள்ள எண்ணெய் தடித்துவிடும், காற்றுக் குறைந்த ரயர் இழுக்கும். கோடையில் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுப்பது இயல்பு. கோடை நேரத்தோடு ஒப்பிட்டு ‘நான் பின்னுக்குப் போகிறேன்’ என்று நினைத்து ஓட்டத்தையே விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இரவு வேலை முடிந்ததும் எனக்கும் படுக்கைதான் ஞாபகம் வரும். தடத்தின் கார் பார்க்கில் ஒரு சிநேகிதி காத்திருக்கிறாள் என்பதுதான் என்னைக் கொண்டுபோகிறது. உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பிளஸ் 3 நாட்களில் வீட்டில் இருந்து சைக்கிளைத் திருத்துங்கள். இருக்கவே முடியாதென்றால் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் டர்ஹம் காட்டுக்குப் போங்கள். அங்குள்ள ஓக் றிட்ஜஸ் மேட்டு மணல் தண்ணீரைக் குடித்துவிடும், டொன் களிமண்ணைப் போலக் குழம்பாது.

கேள்வி: அக்கா, நான் 19 வயது மாணவன். ஃபற் பைக் இல்லாமல் வின்ரரில் ஓட முடியாது என்கிறார்கள். பகுதி நேர வேலைக் காசில் வாங்கலாமா?
– வாசகர், மார்க்கம்

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. ஃபற் பைக், அதாவது மிக அகலமான ரயர் போட்ட சைக்கிள், அலாஸ்காவின் ஆழப் பனியில் உருவான யோசனை. அங்கே 1987இலேயே பனியில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். 2005இல் சேர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற சைக்கிள் வந்த பிறகுதான் அது சாதாரணக் கடைகளுக்கு வந்தது. ரொறன்ரோவில் அப்படி ஆழமாகப் பனி நிற்கும் நாட்கள் குறைவு. இங்கே எதிரி, நடப்பவர்களின் காலடியில் மிதிபட்டு உறைந்த ஐஸ். ஐஸில் அகல ரயரும் வழுக்கும். உங்கள் சைக்கிளுக்கே டங்ஸ்டன் கார்பைட் ஆணி பதித்த ரயர் வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் காசு என்றால் முன் சில்லுக்குப் போடுங்கள். பின் சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினால் நிலத்தில்தான்.

ரயரில் காற்று: வீட்டுக்குள் 20 பாகையில் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்தால், மைனஸ் 10இல் அது சுமார் 16 ஆகிவிடும். ஃபற் பைக்கில் 6 அடித்தது 4க்கு இறங்கும், மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் சைக்கிள் வெளியே குளிர்ந்த பிறகு காற்றை அளந்து சரிபாருங்கள்.

ஆசையாக இருந்தால் பரி நகருக்குப் பக்கத்தில் ஹார்ட்வூட் என்ற ஸ்கீ, சைக்கிள் மையம் இருக்கிறது, 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுகளில் மவுண்டன் பைக் போட்டி நடந்த இடம். குளிர்காலத்தில் ஃபற் பைக்குக்கென்றே தடங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓடிப் பாருங்கள். புதுப் பனியில் சில்லு ஒரு அங்குலத்துக்கு மேல் புதைந்தால் திரும்பிவிட வேண்டும், ஸ்கீ தடத்தில் ஏறவே கூடாது.

கேள்வி: என் கணவர் மைனஸ் 10இலும் காட்டுக்குள் சைக்கிளோடு போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஏஜக்ஸ்

பதில்: தங்கச்சி, மைனஸ் 10ஐவிடக் காற்றைப் பாருங்கள். காற்றோடு சேர்த்த குளிர், வின்ட் சில், மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையலாம் என்று கனடா சுற்றுச்சூழல் அமைச்சே எச்சரிக்கிறது. அந்த நாட்களில் அவரை மறியுங்கள், நானும் போவதில்லை. மற்ற நாட்களில் எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு வையுங்கள். போன் உள் பொக்கற்றில் இருக்கட்டும், வெளிப் பொக்கற்றில் குளிருக்கு அணைந்துவிடும். விரல் மரத்து வெளிறினால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது, இதை அவருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் 14ஆம் மாடியில் இருக்கிறேன். ஐஸ் கரைய றோட்டில் போடும் உப்புப் பிடித்த சைக்கிளை எங்கே கழுவுவது?
– வாசகர், நோர்த் யோர்க்

பதில்: கழுவ வேண்டியதில்லை. ஒரு போத்தல் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய துவாயும் காரில் வையுங்கள். சங்கிலி, கியர், பிறேக் பக்கம் இருக்கிற உப்பை அங்கேயே ஊற்றித் துடைத்துவிட்டு ஏறுங்கள். குளிர்ந்த சைக்கிள் சூடான வீட்டுக்குள் வந்ததும் இரும்பெல்லாம் நீர் கோக்கும். அரை மணித்தியாலம் விட்டு இன்னொரு தடவை துடைத்து, ஈர காலத்துக்குரிய சங்கிலி எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளியாக விடுங்கள். பல்கனியில் மூடி வைக்க இடம் இருந்தால் அதுவே மேல், மழை மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.