அம்மா 'நல்லா பாத்துக்கறாங்க' என்று சொன்னது பற்றி – கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மருத்துவ சர்வே என்று ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை மணி நேரம். பதினைந்து நாளில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஒரு வருடத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா, எவ்வளவு செலவு என்று கேட்டார், அதெல்லாம் சரி. பிரிட்ஜ் இருக்கிறதா, தரை சிமென்டா டைல்ஸா என்று எதற்குக் கேட்க வேண்டும்? அம்மாவுக்கு சுகர். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போனால் நாலு மணி நேரம் காத்திருக்கிறார். அந்தப் பெண் கேட்டபோது மட்டும் "நல்லாதான் பாத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். நான் குறுக்கே பேசினேன், அம்மா சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்றார். இதை வைத்து ஒரு நாட்டின் மருத்துவத்தை எப்படி மதிப்பிட முடியும்? ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்தால் போதாதா?

அம்மாபேட்டை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரிஜிஸ்டரில் இருப்பது வந்தவர்களின் பெயர். வராதவர்கள் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தனை பேருக்கு பிரஷர் மாத்திரை கொடுத்தோம் என்று நோட்டில் இருக்கும். அந்த ஊரில் பிரஷர் இருப்பதே தெரியாமல் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்பதை வீடு வீடாகப் போய் கையில் பட்டை கட்டி அளந்தால்தான் சொல்ல முடியும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) அப்படித்தான் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அளந்தார்கள். மொத்தம் 6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். பிரஷர் இருப்பவரில் எத்தனை பேருக்கு அது தெரியும், தெரிந்தவரில் எத்தனை பேர் மாத்திரை எடுக்கிறார்கள், எடுப்பவரில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது என்று படிப்படியாக இறங்கிப் பார்த்தால், மருத்துவ ஏற்பாடு எந்த இடத்தில் ஆட்களைக் கைவிடுகிறது என்று தெரிந்துவிடும்.

பிரிட்ஜ், தரை விஷயம் எளிது. வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை, தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சொல்லவும் தெரியாது. அதனால் வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்துக் குடும்பங்களை ஐந்து அடுக்காகப் பிரிக்கிறார்கள். அடியில் இருக்கும் அடுக்குக்குக் கிடைப்பதும் மேல் அடுக்குக்குக் கிடைப்பதும் ஒன்றா என்று பார்க்க இது ஒரு நல்ல வழி.

இப்போது அம்மாவின் பதிலுக்கு வருகிறேன். நான் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

பல வருடங்களுக்கு முன் நானும் இந்த மாதிரி படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்து மலைக்கிராமங்களில் அலைந்திருக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி பாயில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து நாளில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "ஒன்னுமில்ல சாமி, நல்லா இருக்கறன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலில் துணி கட்டியிருந்தார். அது என்ன என்றேன். "அது வயசு." இருமல்? "அது பனி." படிவத்தில் 'நோய் இல்லை' என்றுதான் எழுதினேன், விதி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை. நோய் என்றால் என்ன என்பதற்கு அவரிடம் இருந்த அளவுகோல் வேறு. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் இதைப் பற்றி எழுதினார்: இந்தியாவில் ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்பவர்கள் அதிகம், ஆயுள் மிகக் குறைவாக இருந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு, அமெரிக்காவில் கேரளத்தையும்விட அதிகம். டாக்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் நோய்க்குப் பெயர் தெரிகிறது. வெறும் பதிலை மட்டும் வைத்து வரிசை போட்டால், யாரும் எட்டிப் பார்க்காத ஊர்தான் ஆரோக்கியமான ஊராக நிற்கும்.

நாடுகளை வரிசை போடும் ஆசையும் இதில்தான் மாட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் 191 நாடுகளின் மருத்துவ ஏற்பாட்டை வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம், அமெரிக்கா 37, இந்தியா 112. நோயாளியை எவ்வளவு மரியாதையோடு நடத்துகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார்கள் என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஆனால் அதற்காக விஷயம் தெரிந்தவர்கள் என்று சிலரைப் பிடித்துக் கேட்டது 35 நாடுகளில்தான், மற்ற நாடுகளுக்குக் கணக்குப் போட்டு ஊகித்தார்கள். கடுமையான கண்டனம் வந்தது, நியாயமான கண்டனம். பிறகு 2002 முதல் 2004 வரை சுமார் 70 நாடுகளில் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். இந்தியாவில் ஆறு மாநிலங்கள், தமிழ்நாடு அதில் இல்லை.

அந்த ஆய்வில் ஒரு நல்ல உத்தி இருந்தது. உங்கள் அனுபவத்தைக் கேட்பதோடு, ஒரு சின்னக் கதையையும் சொல்லி மதிப்பிடச் சொல்வார்கள். நம் ஊருக்கு ஏற்ற மாதிரி நான் ஒன்று சொல்கிறேன்: 'ஒரு அம்மா சுகர் மாத்திரைக்காகக் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்கிறார், பதினொரு மணிக்கு மாத்திரை கிடைக்கிறது, டாக்டர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இது நல்ல கவனிப்பா, சுமாரா, மோசமா?' கதை எல்லோருக்கும் ஒன்றுதான். இதற்கு ஒருவர் 'நல்லது' என்றும் இன்னொருவர் 'மோசம்' என்றும் சொன்னால், அவரவர் எந்த அளவுகோலில் நின்று பேசுகிறார் என்பது தெரிகிறது, அதை வைத்து அவர்களின் சொந்த பதிலைத் திருத்திப் படிக்கலாம். கதையை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும், கதைக்கு ஒரு கோலும் தனக்கு ஒரு கோலும் வைத்திருக்கக் கூடாது, இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். அது எல்லா இடத்திலும் அமைவதில்லை. இருந்தாலும், அம்மாவின் 'நல்லாதான்' என்பதை அப்படியே விழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

செலவுக் கேள்வியிலும் இதே கதைதான். இன்னொரு வீட்டில், சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. எவ்வளவு செலவாச்சு என்று கேட்டேன். "செலவே இல்லீங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரி" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போன ஜீப் வாடகை, வெளியே கடையில் வாங்கிய மருந்து, கூட இருந்த மனைவிக்குப் பதினோரு நாள் சாப்பாடு, அவருடைய எஸ்டேட் கூலி போனது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினார். தோடு அடகில் இருந்தது, துளையில் வேப்பங்குச்சி. பொத்தாம்பொதுவாக ஒரு கேள்வி கேட்டால் தொகை சிறிதாகவும், பிரித்துப் பிரித்துக் கேட்டால் பெரிதாகவும் வருவது இந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உங்களை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நாட்களும் அப்படித்தான். பதினைந்து நாளுக்கு முந்தைய காய்ச்சல் மறந்துபோகும், ஆஸ்பத்திரியில் படுத்தது மறக்காது, அதனால்தான் அதற்கு மட்டும் 365 நாள். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன் படுத்ததையும் 'போன வருஷம்தான்' என்பார்கள். நாங்கள் மலையில் சேர்வராயன் கோயில் திருவிழாவையும், கீழே சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையையும் சொல்லி, அதற்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்போம். தேதி கேட்டால் வராத பதில் பண்டிகையைச் சொன்னால் வந்துவிடும்.

எனக்கு இன்றும் தீராத குறை ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்று கணக்கு வைக்கிறார்கள். காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கே போகாதவரின் செலவு பூஜ்யம். அந்த அட்டவணையில் அவர் பாதிக்கப்படாதவராக நிற்கிறார். மிளகு காயவைத்த பாட்டி அங்கேதான் இருக்கிறார். நோய் வந்தும் ஏன் போகவில்லை என்ற கேள்வியையும் சேர்த்துப் படிக்காத எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை.

நம் மாநிலத்துக்கே இதில் பாடம் உண்டு. முதலில் சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வின் அதே ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது என்று வந்தது. மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதே பக்கத்தில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 63.8. எங்கே பெற்றாள் என்று கேட்டது போதாது, அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் அம்மா சொன்னதை அப்படியே எழுதியது சரி. உங்கள் பதிலை எழுதியிருந்தால் அது உங்கள் கோபத்தின் கணக்காகியிருக்கும். கேள்விதான் மாற வேண்டும். 'நன்றாகப் பார்த்தார்களா' என்று கேட்பதைவிட, எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு மாத்திரை கையில் வந்தது, டாக்டர் எதையாவது விளக்கிச் சொன்னாரா என்று கேட்டால் அம்மாவே நடந்ததை நடந்தபடி சொல்வார். இன்று சாயங்காலம் நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்படியே இன்னொன்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்: அந்த நாலு மணி நேரமும் உட்கார இடம் இருந்ததா, நின்றுகொண்டே இருந்தாரா?

அன்புடன்,
அக்கா