மைத்துனரின் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறது, காணியை விற்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எனக்கு ஏழு பேர்ச் காணி இருக்கிறது. கனடாக் குடியுரிமை பெற்ற மைத்துனர் வாங்கக் கேட்கிறார். அவருடைய பெயரில் ஒருவர் அரசின் தடைப்பட்டியலில் இருப்பதாக வங்கியில் சொல்கிறார்கள். விற்கலாமா? முடியாவிட்டால் அவர் பணத்தில் என் மகன் பெயரில் எழுதி வைக்கலாமா?

பதில்: பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் தடை குடியுரிமைதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்கோ, பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கோ காணி எழுதினால் அந்த உறுதி செல்லாது. கனடாக் குடியுரிமை எடுத்ததுமே இலங்கைக் குடியுரிமை பொதுவாக இல்லாமல் போய்விடும்; பழைய அடையாள அட்டை கையில் இருப்பதால் எதுவும் மாறாது. இதைப் பலர் நம்பவே மாட்டார்கள். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் இந்தத் தடை அவருக்கு இல்லை. இல்லையென்றால், 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை ஒரு வழி.

இப்போது பட்டியல். இலங்கையின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி வர்த்தமானியில் பெயர் குறிக்கப்பட்டவரின் சொத்துகள் முடக்கப்படும். காணி, வீடு எல்லாம் அதில் அடங்கும். அவருக்கு விற்பது, அவரிடம் வாங்குவது, வாடகை கொடுப்பது எதுவும் அனுமதியின்றி நடக்கக்கூடாது. இரட்டைக் குடியுரிமை இங்கே கைகொடுக்காது.

ஆனால் பெயர் ஒத்துப்போவதும் ஆள் ஒத்துப்போவதும் வேறு வேறு. நம்மிடையே குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், சிவகுமாரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். வங்கியின் கணினி எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. வர்த்தமானியில் பல பதிவுகளில் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், முகவரி இருக்கும். மைத்துனரின் பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, இப்போதைய கடவுச்சீட்டு மூன்றையும் அவற்றோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். பெயர் எழுத்து வேறுபட்டால் சட்டத்தரணி மூலம் ஒரு சத்தியக் கடதாசி. அப்புறம் வங்கியிடம் எழுத்தில் பதில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. உண்மையிலேயே அவர்தான் என்றால், பெயரை நீக்கக் கோரும் விண்ணப்பம் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். அதுவரை முற்பணம்கூட வாங்காதீர்கள்.

வெளிநாட்டுப் பட்டியல்கள் வேறு கதை. 2025 மார்ச்சில் பிரித்தானியா இலங்கையர் நால்வர் மீது தடை விதித்தது. அதனால் கொழும்பில் அவர்களுடைய காணி உறுதி எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அப்படித் தடைபட்ட ஒருவர் வெளிநாட்டு வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் நடுவில் நின்றுவிடலாம்.

மகன் பெயரில் எழுதுவதா? வேண்டாம். பட்டியலில் உள்ளவருக்காக மறைமுகமாக வைத்திருக்கும் சொத்தும் முடக்கத்தில் விழும், மாட்டிக்கொள்வது உங்கள் மகன். பட்டியலில் இல்லாதவர் என்றாலும், உறுதியில் பெயர் மகனுடையது, பணம் மைத்துனருடையது. நாளை இருவரும் முரண்பட்டால் சட்டத்துக்கு மாறான ஏற்பாட்டை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மைத்துனருக்குப் பெரும்பாடு. நொத்தாரிசிடம் போகும்போது பணம் யாருடையது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நிதி அறிக்கையிடல் சட்டப்படி காணி விற்பனையில் அவரும் வாடிக்கையாளரைச் சரிபார்க்க வேண்டியவர்தான்.