மன்னிப்பு எதற்கு?

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். உடம்புக்கு நல்லது, பூமிக்கும் நல்லது என்றுதான் தொடங்கினேன். ஆனால் தினமும் வீடு திரும்பும்போது மனசு நொந்துபோகிறது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள். முழங்கையை உரசுகிற மாதிரி முந்துகிறார்கள். அலுவலகத்தில் “இன்னும் கார் வாங்கவில்லையா” என்று கேலி. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். எனக்குப் பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால், நான்தான் எல்லோருக்கும் இடைஞ்சலோ என்று குற்றவுணர்வு வந்துவிடுகிறது. கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாக இறங்கி நின்றுவிடுகிறேன். நெதர்லாந்து மாதிரி ஒரு நாட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. பேசாமல் நானும் ஒரு கார் வாங்கிவிடலாமா? ஹெல்மெட் அவசியமா என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றி விடியவிடியச் சண்டை போட இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. கார் வாங்குவது உங்கள் வீட்டு வரவுசெலவு, அதிலும் நான் தலையிட மாட்டேன். அலுவலகக் கேலி கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துவிடும்.

என்னை உறுத்தியது அந்த மன்னிப்புதான். கையைக் காட்டிவிட்டு இறங்கி நிற்கிறீர்களாம். எதற்கு? யார் கேட்டார்கள்?

நாலு கார் என்கிறீர்களே, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் ஒருவர்தான் இருந்திருப்பார். நீங்கள் அடைத்துக்கொண்டது உங்கள் ஹேண்டில்பாரின் அகலம், முக்கால் மீட்டர்கூட இருக்காது. அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலமும் நாலரை மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையோடு வருகிறார்கள். அதே சாலையின் ஓரத்தில் ஆளே இல்லாத கார்கள் வரிசையாக நாள் முழுக்க நிற்கின்றன. அவை நிற்பதால்தான் நீங்கள் ஓரத்தை விட்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது. அவற்றைப் பார்த்து யாராவது ஹாரன் அடித்துக் கேட்டிருக்கிறீர்களா?

அடுத்த முறை ஒருவர் உங்களை உறுமிக்கொண்டு முந்திப் போனால், நிதானமாக மிதித்துக்கொண்டே போங்கள். சிக்னலில் அவரைப் பார்ப்பீர்கள். கண்ணாடி ஏற்றியிருக்கும், முகவாயில் கைபேசி வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். நீங்கள் பக்கத்தில் வந்து கால் ஊன்றியதுகூட அவருக்குத் தெரியாது. அவ்வளவு அவசரமாக அவர் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

“சாலை எங்களுக்காகப் போட்டது, வரி கட்டுவது நாங்கள்” என்று சிலர் சொல்லுவார்கள். இதைக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. மண்ணும் சேறுமாகக் கிடந்த சாலைகளைச் சீராக்கச் சொல்லி அமெரிக்காவில் முதலில் கூட்டம் கூட்டிக் கத்தியவர்கள் சைக்கிள்காரர்கள். 1880-இல் சங்கம் அமைத்தார்கள். 1892-இல் நல்ல சாலைகளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அரசாங்கம் சாலைகளை ஆராய ஓர் அலுவலகம் திறந்தது. காரைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோன ஃபோர்டின் மாடல் டி வந்தது 1908-இல். ஆக, வழவழப்பான சாலையைக் கேட்டு வாங்கியவர் யார், பிறகு வந்து உட்கார்ந்துகொண்டவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் தேய்மானம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து ஓயாமல் லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்று அதிலிருந்து ஒரு கணக்கு கிடைத்தது. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, ஒரு கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை பதினைந்து மடங்கு. சேதம் 50,000 மடங்குக்கு மேல். லாரிக்குப் போட்ட கணக்கைச் சைக்கிள்வரை இழுத்தால் பொறியாளர்கள் முறைப்பார்கள். சரி, பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

இவ்வளவு சொன்னாலும் கார் ஓட்டுபவர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. பல வருஷங்களுக்கு முன்பு வேலை விஷயமாக ஓர் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போயிருந்தேன். வாசலில் பெரிய நோட்டு. பெயர், நேரம், யாரைப் பார்க்க, வண்டி எண். காவலாளி எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி யோசித்தார். எழுந்து வந்து மட்கார்டுக்குப் பின்னால் குனிந்துகூடப் பார்த்தார். வெறும் கோடு போட்டால் நடந்து வந்தவர் என்றாகிவிடும். பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் என் பெயருக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘சைக்கிள்’ என்று பட்டப்பெயர் மாதிரி எழுதிக்கொண்டார். சைக்கிளை ஜெனரேட்டருக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார். வேறு இடம் இல்லையே என்று அவருக்கே வருத்தம். நல்ல மனிதர். அந்தக் கட்டங்களைப் போட்டவருக்குத்தான் இப்படி ஒருவன் வருவான் என்று தோன்றவே இல்லை.

சாலையிலும் அப்படித்தான். மழைநீர் வடிகாலின் கம்பி மூடியைப் பாருங்கள். கம்பிகள் சாலைவாக்கில் ஓடினால் மெல்லிய டயர் நேராக இடுக்கில் இறங்கிவிடும். குறுக்கே வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. செலவு ஒன்றுதான். சில சிக்னல்களில் தரைக்கடியில் கம்பிச்சுருள் புதைத்திருப்பார்கள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோகத்தை உணர்ந்து பச்சை விழும். சைக்கிள் பல நேரம் அதற்கு உறைக்கவே உறைக்காது. பின்னால் ஒரு கார் வந்து உங்களை மீட்கும்வரை நிற்க வேண்டியதுதான். இதையெல்லாம் யாரும் வன்மத்தோடு செய்யவில்லை. வரைந்தவரின் மனசில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். நீங்களாகவே ஓரத்தில் இறங்கி நின்றால் அடுத்து வரைபவருக்கும் தெரிய மாட்டீர்கள்.

நெதர்லாந்தில் பிறந்திருக்க வேண்டுமாம். 1960-களில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும். அங்கேயும் காருக்காகத் தெருக்களை அகலமாக்கினார்கள். 1971-இல் மட்டும் சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. பெற்றோரும் பிள்ளைகளும் தெருக்களை மறித்தார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, காலிச் சாலை எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நீங்கள் ஏங்குகிற பாதைகள் அதற்குப் பிறகு சண்டை போட்டு வாங்கியவை. மறித்தவர்கள் யாரும் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டதாக நான் படித்ததில்லை.

இன்னொன்று. பூமிக்கு நல்லது என்கிற பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமையும் இந்தக் குற்றவுணர்வும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத்தான் நிற்கின்றன. ஏதோ புண்ணியம் செய்தால்தான் சாலையில் இருக்க உங்களுக்குத் தகுதி வரும் என்று நினைக்கிறீர்கள். அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, போகிறீர்கள். அது போதாதா?

நொந்துபோய் வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. அது கால் வலி இல்லை. யாரோ எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்கிற அலுப்பு. அதற்காக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். நிற்கிற காரின் கதவு படாரென்று திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறப்பது நெதர்லாந்தில் ஒரு பழக்கம். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். ஆனால் எல்லோரும் அப்படித் திறப்பார்கள் என்று நம்பி ஓட்ட முடியாது. கதவின் நீளத்துக்கு விலகியே போங்கள். அகலமான இடம் வந்தால் வழி விடுங்கள், அது மரியாதை. குறுகலான இடத்தில் அவர்கள் காத்திருக்கட்டும்.

ஆமாம், இருட்டிய பிறகுதான் திரும்புவீர்களா? சைக்கிளில் பின்விளக்கு இருக்கிறதா? இவ்வளவு எழுதியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.