வாசல் பார்சலும் ஒஹாயோ சட்டமும்

நண்பரே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாசலில் கிடக்கும் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைத் துப்பாக்கி காட்டி நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "ஒஹாயோவில்தான் தற்காப்புச் சட்டம் மாறிவிட்டதே" என்று சொன்ன உங்கள் ஆபீஸ் நண்பர் பேச்சைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாறியது உண்மைதான். தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 2019 மார்ச்சில் அரசுத் தரப்புக்குப் போனது. அதுவரை தற்காப்புதான் என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் இருந்தது. 2021 ஏப்ரல் 6 முதல், சட்டப்படி நீங்கள் நிற்கும் எந்த இடத்திலும், தற்காப்புக்காகத் தாக்கும் முன் பின்வாங்கி விலக வேண்டிய கடமை இல்லை. முன்பு வீடு, கார் அளவில்தான் இந்த விலக்கு.

ஆனால் உயிருக்கோ பலத்த காயத்துக்கோ ஆபத்து என்ற நியாயமான பயம் வேண்டும், சண்டையை நீங்கள் கிளப்பியிருக்கக் கூடாது. இதெல்லாம் அப்படியே இருக்கிறது. முதுகைக் காட்டி ஓடுகிறவன் கையில் இருப்பது அட்டைப்பெட்டிதானே? கேமரா பதிவைப் போலீசிடம் கொடுங்கள். துப்பாக்கியை நீட்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம்.