அந்தரத்தில் நின்ற பறவையும் நாலு நாள் வேன் பயணமும்

கேள்வி: பெருந்துறையில் இருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறோம். போன மாதம் காங்கயம் பக்கம் ஒரு கொறங்காட்டுக்கு (மாடு மேயும் வேலி போட்ட புல்வெளி) மேலே பெரிய பறவை ஒன்று அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றது. அடிப்பக்கம் வெள்ளை, தலையும் நெஞ்சும் பழுப்பு. என் மனைவி பிணந்தின்னிக் கழுகு என்கிறார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ராசாளி என்கிறார். எது சரி? தை மாதத்தில் எட்டு வயதுப் பேரனோடு இந்த மாதிரிப் பறவைகளைப் பார்க்கவென்றே நாலு நாள் கிளம்பலாம் என்றிருக்கிறோம். எங்கே போவது, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?

பதில்:

இரண்டுமே இல்லைங்க. நீங்கள் பார்த்தது பாம்புக் கழுகு. நிறத்தை வைத்து இதைச் சொல்லவில்லை, அந்தரத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துச் சொல்கிறேன். நம் சமவெளியில் வழக்கமாக அப்படி நின்று வேட்டையாடுகிற இரைகொல்லிப் பறவைகள் மூன்றுதான். கருந்தோள் பருந்து காக்கையை விடச் சின்னது, வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும், தோளில் கறுப்புப் பட்டை. பனிக்காலத்தில் வரும் சிற்றெழால் புறா அளவு, முதுகு செங்கல் நிறம். மூன்றாவது பாம்புக் கழுகு. இறக்கையை விரித்தால் ஐந்தடிக்கு மேல் இருக்கும். அவ்வளவு பெரிய பறவை காற்றை எதிர்த்துக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அடுத்த முறை பைனாகுலரில் தலையைப் பாருங்கள். ஆந்தையைப் போல உருண்ட தலை, மஞ்சள் கண். பாம்பு, ஓணான், அரணை தேடுகிற பறவை என்பதால் அடர்ந்த காடு அதற்கு ஆகாது. வெள்வேல் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்க, கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் வளர்ந்து கிடக்கும் கொறங்காடுதான் அதற்கு ஏற்ற வேட்டைக்களம். நம் ஆட்கள் மாட்டுக்காகக் காப்பாற்றி வைத்த நிலம் இந்தக் கழுகையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதே நிலம் மனைக்கட்டாகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பிணந்தின்னிக் கழுகு என்று உங்கள் வீட்டம்மா சொன்னது பாறு. அகன்ற பலகை போன்ற இறக்கை, குட்டை வால், இறக்கையை அசைக்காமல் வெகு உயரத்தில் வட்டமிடும். அந்தரத்தில் நிற்காது. சின்ன வயதில் அவர் செத்த மாட்டைச் சுற்றிப் பாறுகள் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கக்கூடும். இன்று நம் பக்கத்தில் பாறு என்றால் சத்தியமங்கலத்துக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் அவற்றை அழித்தது. மருந்து உடம்பில் தங்கிய மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள், 2023-ல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டையும் சேர்த்துத் தடுத்தார்கள். வீட்டில் மாடு இருந்தால் டாக்டரிடம் அவற்றுக்குப் பதிலாக மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள், அதனால் பாறுக்குக் கெடுதல் இல்லை.

ராசாளி என்பது வேறு கதை. நம் ஊரில் எது வேகமாகப் பாய்ந்தாலும் ராசாளிதான். பறவை பார்க்கிறவர்கள் அந்தப் பெயரைப் பாறை மலைகளில் ஜோடியாகத் திரியும் ஒரு கழுகுக்கு வைத்திருக்கிறார்கள். வயிறு வெள்ளை, அதில் மெல்லிய கோடுகள், ஆனால் இறக்கையின் அடியில் கறுத்த பட்டை. பாம்புக் கழுகுக்கு இறக்கை அடியும் வெளுப்பாகவே இருக்கும்.

சரி, பேரனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தப் பறவைகளில் குஞ்சு ஒரு நிறம், வளர்ந்தது ஒரு நிறம், பல வகைகளில் ஆணும் பெண்ணும் கூட வேறு வேறு. வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாமே கறுப்பு. முதலில் காக்கையோடு ஒப்பிட்டு அளவு, அப்புறம் வால், அப்புறம் இறக்கையை எப்படி வைத்துக்கொண்டு பறக்கிறது என்பது.

வீட்டு மாடியிலேயே தொடங்கலாம். கரும்பருந்துக்கு வால் நடுவே கவை விட்டிருக்கும், செம்பருந்துக்கு, அதாவது நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடனுக்கு, வால் விசிறி மாதிரி உருண்டிருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரும்பருந்து திரும்பும்போது வாலை முழுக்க விரித்தால் கவை மறைந்து நேர்கோடாகிவிடும். கருடனின் குஞ்சும் பழுப்பாகவே இருக்கும், கழுத்தில் வெள்ளை இருக்காது. அவசரப்படாமல் அது வாலை மடக்கும் வரை பார்க்க வேண்டும். கரும்பருந்து சுக்கான் பிடிப்பது போல வாலைத் திருகிக்கொண்டே இருக்கும், கழுகு அப்படிச் செய்யாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் வானத்தில் தெரிவதில் பாதி தெளிந்துவிடும்.

அடுத்தது வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். நாலைந்து தடவை படபடவென்று இறக்கை அடித்து, ஒரு சறுக்கு, மறுபடி படபட. இதைப் போலவே வேடம் போடும் ஒரு பறவை உண்டு, அக்காக்குயில். பறக்கும் விதம், மார்புக் கோடு, வால் பட்டை எல்லாம் வல்லூறு மாதிரியே. அணிலும் சின்னக் குருவிகளும் கூட ஏமாந்து கத்தும். உட்கார்ந்ததும் அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் கொக்கி அலகு, குயிலுக்கு அப்படி இருக்காது.

தை மாதம் என்பது நல்ல முடிவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் நின்று வெட்டுக்கிளி பெருகியிருக்கும், மத்திய ஆசியாவிலிருந்து வந்த, புல்லுக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகள் அந்த நேரம் இங்கே இருக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அம்மியே பறக்கும், கையில் பைனாகுலர் நிற்காது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். காங்கயம், தாராபுரம் சாலை முழுக்கப் பழனிக்கு நடக்கிறவர்களும் காவடியும்தான். அந்தக் கூட்டத்தில் வேனை ஓரங்கட்டி வானத்தைப் பார்க்க முடியாது, நடக்கிறவர்களுக்கும் இடைஞ்சல். பூசம் முடிந்து நாலு நாள் கழித்துக் கிளம்புங்கள்.

நாலு நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட வேண்டாம். இரண்டே தளம் போதும். இந்தப் பறவைகள் மற்ற பறவைகளைப் போல விடியற்காலையில் பரபரப்பாக இருக்காது. வெயில் ஏறி, தரை சூடாகி, வெப்பக் காற்று மேலே எழும்பினால்தான் கழுகுகள் உயரும். அது ஒன்பதரைக்கு மேல். அதற்குமுன் கரண்ட் கம்பியிலும் கம்பத்திலும் உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்து, வல்லூறு, சிற்றெழாலைப் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு முதல் மூன்று வரை சமையலும் தூக்கமும். நாலு மணிக்கு மேல் பூனைப்பருந்து.

முதல் நாள் வழியிலேயே வெள்ளோடு இருக்கிறது. 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயம். வாத்துக் கூட்டம் ஒன்றாக எழும்பினால் வாத்தைப் பார்க்காமல் கோரைக்கு மேலே தேடுங்கள், சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கலாம். மதியம் சென்னிமலை வழியாகக் காங்கயம். இரண்டு ராத்திரி அங்கேயே.

எங்கே தங்குவது என்றால், நம் பக்கத்தில் இதற்குத் தோட்டத்துக் களத்தை விட நல்ல இடம் கிடையாது. தரை கெட்டி, தண்ணீர் உண்டு, சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஆள் இருப்பார்கள். சொந்தம், பழக்கம் வழியாக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பட்டிக்காரர் தண்ணீரும் மோரும் கொடுத்து இருக்கச் சொல்வார். தெரியாத கொறங்காட்டில் படலைத் திறந்துகொண்டு நுழையக் கூடாது, மாடு மேய்கிற இடம். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ விட வேண்டாம், ஒரு கேனில் பிடித்துவைத்துத் தென்னை மரத்துக்கு ஊற்றுங்கள். கிளம்புமுன் வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தோட்டத்துப் பாதையில் தாழத் தொங்கும் கம்பியும் ரயில்வே கீழ்ப்பாலமும்தான் கேம்பர்வேனுக்கு எதிரி. உள்ளே மாற்றிய வேலைக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியாயிற்றா என்றும் பாருங்கள்.

வண்டியை விட்டு இறங்காமல் பார்ப்பதுதான் கேம்பர்வேனின் முழு லாபமும். மனிதன் நடந்து வந்தால் நூறு மீட்டருக்கு முன்பே பறக்கிற பறவை, நின்றிருக்கும் வண்டியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மார்கழி சாயங்காலம் ஊதியூர் மலை தெரியும் ஒரு மண்பாதையில் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கிளுவை வேலியை ஒட்டி, புல் நுனியிலிருந்து ஒரு முழ உயரத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. இறக்கை இரண்டும் மேல்நோக்கி ஆழமில்லாத 'வி' போல. இறக்கை நுனியில் மட்டும் ஆப்பு வைத்த மாதிரி கறுப்பு. வெளிறிய பூனைப்பருந்தின் ஆண். இறக்கைக்குக் குறுக்கே கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அது மான்டேகு பூனைப்பருந்து. வண்டிக்குப் பத்தடி தள்ளி சட்டென்று நின்று, காலை நீட்டிப் புல்லுக்குள் விழுந்தது. எழும்போது காலில் ஒரு வெட்டுக்கிளி. அதன் பச்சை இறக்கை விரிந்து துடித்தது வரை கண்ணாலேயே பார்த்தேன், பைனாகுலர் மடியிலேயே கிடந்தது. பெண்ணும் குஞ்சும் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. அவற்றில் எது எந்த வகை என்று பிரிப்பது பழகியவர்களுக்கே கடினம், 'பூனைப்பருந்து' என்று மட்டும் குறித்துக்கொண்டால் தப்பே இல்லை.

மூன்றாம் நாள் காலை தாராபுரம், உடுமலை வழியாக அமராவதி அணைப்பக்கம். மலையடிவாரத்தில் பத்து மணிக்கு மேல் நீண்ட விசில் போல ஒரு கூவல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். இறக்கையின் அடியில் ஓரத்தை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் கொண்டைப் பாம்புக் கழுகு. தண்ணீர் மேலே வட்டமிட்டுக் காலை முன்நீட்டி விழுந்தால் மீன் பிடிக்கும் விராலடிப்பான். அணையில் முதலை உண்டு, பையனைத் தண்ணீர் ஓரம் விட வேண்டாம். அந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம் என்பதால் காட்டுச் சாலையில் நிறுத்துவதோ இறங்குவதோ கூடாது. ராத்திரிக்கு உடுமலைப் பக்கம் திரும்பி வந்து, ஆள் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள், அடிவாரத் தோட்டங்களுக்கு யானை வரும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. உங்கள் நீள வண்டிக்கும் பையனின் வயிற்றுக்கும் இந்த முறை வேண்டாம். நாலாம் நாள் காலை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

பைனாகுலர் 8×42 ஒன்று போதும், 10 மடங்கு வாங்கினால் பையன் கையில் ஆடும். பழைய துணிப்பையில் கொள்ளு நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்தால் கேமரா அதன்மேல் அசையாமல் நிற்கும். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் குரலை வைத்துத் தேடுவது இந்தப் பறவைகளுக்கு அவ்வளவாக உதவாது, பெரும்பாலானவை பனிக்காலத்தில் வாயே திறப்பதில்லை. பார்த்ததைப் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றுங்கள். ஆனால் கூடு கண்ணில் பட்டால் இடத்தை எங்கும் போட வேண்டாம், கிட்டேயும் போக வேண்டாம். பாம்புக் கழுகு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பெற்றவை பயந்து எழுந்துபோனால் அந்த முட்டை வெயிலில் வெந்துபோகும்.